லிப்ரெ ஆபிஸ் ரைட்டரில் 352 பக்கம்: ஒரு கீழக்கரை டிடிபிக்காரியின் மதிப்புரை

பென்டிரைவை மேசையில் வைத்த கையோடு சார் கேட்டார், "தடைக்காலத்துக்குள்ள கொண்டு வந்துரலாமாம்மா?"

மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகுகள் கரையில் கிடக்கும். கடலுக்குப் போகிறவர்களுக்குப் புத்தகம் புரட்ட அப்போதுதான் நேரம் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. நாட்டுப்படகுக்குத் தடை கிடையாதே சார் என்று நான் வாயைத் திறக்கவில்லை. அவர் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார், பிறந்தது மீனவர் குடும்பத்தில். திறந்தால் ஒரு மணி நேரம் பாடம் நடக்கும்.

புத்தகம் கடற்சொற்களைப் பற்றியது. மன்னார் வளைகுடாப் பக்கம் ஒரு பெயர், பாக் நீரிணைப் பக்கம் வேறொரு பெயர் என்று இருக்கிற மீன், காற்று, பாசி, வலை, வத்தை என்னும் நாட்டுப்படகின் உறுப்புகள் எல்லாவற்றையும் திரட்டி 18 அத்தியாயம் எழுதியிருந்தார். நடுநடுவே மீனவர்கள் வேலை செய்யும்போது பாடும் அம்பாப் பாடல்கள். பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு. கீழக்கரையின் பழைய மரக்கலக்காரர்களைப் பற்றிய அத்தியாயத்தில் அரபு வரிகள். கடைசியில் சொல்லடைவு வேறு வேண்டுமாம். நான் அதுவரை செய்ததில் பெரிய வேலை ஒரு பள்ளிக்கூட ஆண்டுமலர், 96 பக்கம். மற்றபடி கல்யாணப் பத்திரிகை, பிட் நோட்டீஸ், பில் புக். வீட்டு முன்னறையில் ஒரு லேப்டாப், ஒரு பிரிண்டர், வேலை பழக வரும் ஒரு பெண். அவ்வளவுதான் என் கடை.

இந்தப் புத்தகத்தின் உள்பக்கங்களை முழுக்க லிப்ரெ ஆபிஸ் ரைட்டர் என்ற இலவச எழுத்து மென்பொருளில் செய்து முடித்தேன். நீளமான புத்தகம், தமிழ், எட்டு ஜிபி லேப்டாப், இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாராவது முன்பே எழுதி வைத்திருந்தால் எனக்கு இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் என் பழைய பாவத்தைச் சொல்லிவிடுகிறேன். 1999இல் ராமநாதபுரத்தில் ஒரு அச்சகத்தில் சேர்ந்தேன். பக்கம் அமைக்க பேஜ்மேக்கர் 6.5 மென்பொருள். தலைப்பு, உரை என்று ஒவ்வொன்றின் எழுத்துரு, அளவு எல்லாவற்றையும் ஒரே பெயரில் பூட்டி வைக்கும் ஸ்டைல் பட்டி அதிலும் இருந்தது, இல்லை என்று பொய் சொல்லக் கூடாது. ஆனால் அங்கே ஒருவரும் அதைத் தொட்டதில்லை. தலைப்பு வந்தால் செலக்ட் பண்ணு, 18 பாயின்ட் போடு, போல்ட் போடு, நடுவில் வை. அடுத்த தலைப்புக்கும் அதே. வாடிக்கையாளர் வந்து தலைப்பெல்லாம் கொஞ்சம் சின்னதாக இருக்கட்டும் என்றால் ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றுவோம். அதற்குப் பெயர் உழைப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7.0, வந்தது 2001இல். எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு அதற்குத் தெரியாது. நாங்கள் அடித்ததெல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துருவில். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கமாவுமாகக் கொட்டிக் கிடக்கும். 2010இல் தமிழக அரசே யூனிகோடைத் தரமாக அறிவித்த பிறகும் நான் பல வருடம் பாமினியை விடவில்லை. கை பழகிவிட்டது, வேறென்ன. சார் கொண்டு வந்ததோ யூனிகோடு. அதைப் பாமினிக்கு மாற்றி, அரபு வரிகளைப் படமாக வெட்டி ஒட்டி, 18 அத்தியாயத்தையும் பேஜ்மேக்கரில் இழுப்பதை நினைத்தாலே தலை சுற்றியது. இன்டிசைன் மென்பொருளுக்கு மாதா மாதம் பணம் கட்ட வேண்டும், என் வரும்படிக்கு அது தாங்காது. ரைட்டர் இலவசம். ஓப்பன் ஆபிஸிலிருந்து 2010இல் பிரிந்து, 2011 ஜனவரியில் முதல் பதிப்பு வெளிவந்த லிப்ரெ ஆபிஸில் ஒரு பகுதி. கடிதம் அடிக்கத்தான் லாயக்கு என்று நானும் நினைத்திருந்தேன்.

சாரின் கோப்பைத் திறந்தால் நான் அச்சகத்தில் செய்த அத்தனை பாவமும் அங்கே இருந்தது. தலைப்பை நடுவில் வைக்க ஸ்பேஸ் பாரை முப்பது தடவை தட்டியிருக்கிறார். அடுத்த பக்கத்துக்குப் போக என்டரை வரிசையாக அடித்திருக்கிறார். ஒரு அத்தியாயத்தின் தலைப்பு 16, இன்னொன்று 20, ஒன்று நீல நிறம். முழுவதையும் வெற்று உரையாக ஒட்டிக்கொள்ளலாம் என்றால் அடிக்குறிப்புகள் போய்விடும். அதனால் அத்தியாயம் அத்தியாயமாக செலக்ட் செய்து கன்ட்ரோல்+எம் போட்டேன். கையால் போட்ட அலங்காரம் எல்லாம் கழன்று விழுந்துவிடும், அடிக்குறிப்பு பத்திரமாக இருக்கும். ஆனால் வேண்டாததோடு வேண்டியதும் போகும். சார் காரணத்தோடு தடிமனாக்கிய சொற்களும் சாதாரணமாகிவிட்டன. மூலக் கோப்பைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு கண்ணால் பார்த்துப் பார்த்துத் திரும்பக் குறித்தோம். நான்கு நாள் ஆனது. இதற்குக் குறுக்கு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் எஃப்11. அந்தப் பொத்தானை அழுத்தினால் வலது பக்கம் ஸ்டைல் பட்டி விரியும். பத்திக்கு, எழுத்துக்கு, சட்டத்துக்கு, பக்கத்துக்கு, பட்டியலுக்கு, அட்டவணைக்கு என்று ஆறு வகை. ஒவ்வொரு ஸ்டைலுக்கும் நாமே பெயர் வைக்கலாம், தமிழிலேயே வைக்கலாம். நான் வைத்தவை: உரை, முதல் பத்தி, பாட்டு, மேற்கோள், கடற்சொல், அரபி. ஆங்கிலப் பெயர்களுக்கு நடுவே 'பாட்டு' என்று பார்க்கும்போது என் வீட்டுச் சாமான் மாதிரி இருந்தது.

இதில் உம்மா, பிள்ளை உறவு ஒன்று உண்டு. 'உரை' என்ற ஸ்டைல் உம்மா. 'முதல் பத்தி', 'மேற்கோள்', 'பாட்டு' எல்லாம் அதன் பிள்ளைகள். உம்மாவின் எழுத்துருவை மாற்றினால் பிள்ளைகள் எல்லாம் தானாக மாறும். பிள்ளை ஏதாவது ஒன்றைத் தனியாகப் பிடித்து வைத்திருந்தால், உதாரணமாக மேற்கோளுக்கு மட்டும் 10 பாயின்ட் என்று வைத்திருந்தால், அது மட்டும் உம்மா சொல் கேட்காது. இந்த ஒன்று புரிந்த அன்றைக்குத்தான் வேலை ஓட ஆரம்பித்தது. பெயின்ட் வாளி மாதிரி ஒரு குறி இருக்கிறது. ஸ்டைலைத் தேர்ந்து அதை அழுத்திவிட்டு ஒவ்வொரு பத்தியாகத் தொட்டுக்கொண்டே போகலாம். என்னிடம் வேலை பழகும் பெண் ஒரே மத்தியானத்தில் பாட்டு அத்தனைக்கும் வெள்ளையடித்து முடித்துவிட்டு, "ராத்தா, அடுத்தது?" என்றாள்.

இனிமேல் சொல்லப்போவது தமிழில் வேலை செய்கிறவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியது. 'உரை' ஸ்டைலில் எழுத்தளவை 12இலிருந்து 11.5 ஆக்கினேன். ஓகே கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. 9 ஆக்கினேன். அசையவில்லை. மூடித் திறந்தேன், கோப்பு கெட்டுவிட்டது என்று பயந்து புதிதாக ஒன்று தொடங்கினேன். ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. விஷயம் என்னவென்றால், ரைட்டர் எழுத்துகளை மூன்று சாதியாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆங்கிலம் போன்றவை வெஸ்டர்ன், சீனம் ஜப்பான் போன்றவை ஏசியன், தமிழும் இந்தியும் அரபும் காம்ப்ளெக்ஸ். எழுத்துரு பெட்டியில் மூன்றுக்கும் தனித்தனி டேப். நான் மாற்றிக்கொண்டிருந்தது வெஸ்டர்ன் டேபில். புத்தகத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த ஆங்கிலச் சொற்கள் மட்டும் எறும்பு மாதிரி சின்னதாகிப் போயிருந்ததை மறுநாள்தான் கவனித்தேன். காம்ப்ளெக்ஸ் டேபே கண்ணில் படவில்லை என்றால் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜ் பக்கத்தில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டுக்கு டிக் போட வேண்டும்.

அதோடு முடியவில்லை. 1914 என்று பத்தியின் நடுவில் வந்தால் முன்னால் இருக்கும் தமிழ்ச் சொல்லோடு சேர்ந்து அந்த எண்ணும் தமிழ் எழுத்துருவில் நிற்கிறது. அதே எண் அட்டவணையில் ஒரு கட்டத்தில் தனியாக நின்றால் வெஸ்டர்ன் எழுத்துருவுக்கு ஓடிவிடுகிறது. பாம்பன் பாலம் பற்றிய பக்கத்தில் ரயில் பாலம் 1914, சாலைப் பாலம் 1988, புதிய தூக்குப் பாலம் 2025 என்று சார் ஒரு சிறு அட்டவணை போட்டிருந்தார். உரையில் ஒரு 1914, அட்டவணையில் வேறு முகத்தோடு ஒரு 1914. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இரண்டு டேபிலும் ஒரே எழுத்துரு, ஒரே அளவு வைத்துவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது. நான் வைத்தது நோட்டோ செரிஃப் தமிழ்.

அரபு வரிகள்தான் உண்மையான சோதனை. தமிழும் காம்ப்ளெக்ஸ், அரபும் காம்ப்ளெக்ஸ். ஒரு பத்தி ஸ்டைலில் காம்ப்ளெக்ஸுக்கு ஒரே ஒரு எழுத்துருதான் சொல்ல முடியும். நோட்டோ செரிஃப் தமிழில் அரபு எழுத்து இல்லாததால் ரைட்டர் கணினியில் இருக்கிற ஏதோ ஒரு அரபு எழுத்துருவைத் தானாகப் பிடித்துப் போட்டுவிடுகிறது. என் லேப்டாப்பில் ஒரு மாதிரி, சாரின் மகன் லேப்டாப்பில் வேறு மாதிரி. கீழக்கரையில் இந்தப் புத்தகத்தை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அந்த வரிகளைத்தான் முதலில் பார்ப்பார்கள், அதில் கோணல் இருக்கக் கூடாது. 'அரபி' என்று ஒரு எழுத்து ஸ்டைல் உருவாக்கி, காம்ப்ளெக்ஸ் டேபில் அமீரி எழுத்துரு, 14 பாயின்ட் என்று கொடுத்தேன். வரிக்கு நடுவே வரும் அரபுச் சொற்களுக்கு அது போதும், வலமிருந்து இடமாக ஓடுவதை ரைட்டரே பார்த்துக்கொள்கிறது. முழு வரியாக வருவதற்கு மட்டும் தனியாக ஒரு பத்தி ஸ்டைல், திசை வலமிருந்து இடம், மேலும் கீழும் கொஞ்சம் அதிக இடம். இந்த இடத்தில் ரைட்டருக்கு முழு மதிப்பெண் கொடுக்கிறேன். பழைய நாளில் இதைப் படமாகத்தான் ஒட்டியிருப்பேன். ஒரு எழுத்துப் பிழை வந்தால் படத்தைத் திரும்ப எடுக்க வேண்டும்.

பக்க ஸ்டைல் என்று ஒன்று இருக்கிறதே, அதற்காகவே இந்த மென்பொருளை வைத்துக்கொள்ளலாம். அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் மேல்தலைப்பு கூடாது, அடுத்த பக்கத்திலிருந்து வேண்டும். இடப் பக்கத்தில் புத்தகத்தின் பெயர், வலப் பக்கத்தில் அத்தியாயத்தின் பெயர். 'அத்தியாய முகப்பு' என்று ஒரு பக்க ஸ்டைல், 'உள்பக்கம்' என்று ஒன்று. முகப்புக்கு அடுத்து வருவது உள்பக்கம் என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். தலைப்பு ஸ்டைலிலேயே, இதற்கு முன் பக்கத்தை உடை, உடைத்தபின் முகப்புப் பக்கத்தைப் போடு என்றும் சொல்லி வைத்தேன். அதற்குப் பிறகு ஒரு வரியைத் தலைப்பு ஆக்கினால் போதும், அது தானாகப் புதுப் பக்கத்துக்குப் போய், மேல்தலைப்பை உதறிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். அடுத்த பக்கத்தின் மேல்தலைப்பில் அத்தியாயப் பெயரும் தானாக வந்து நிற்கும். பொருளடக்கமும் அப்படித்தான், தலைப்புகளிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். பக்க எண் மாறினால் ஒரு தடவை அப்டேட் கொடுத்தால் போதும்.

இதே பக்க ஸ்டைல்தான் என் மானத்தையும் வாங்கப் பார்த்தது. எல்லா அத்தியாயமும் வலப் பக்கத்தில் தொடங்க வேண்டும் என்று சார் ஆசைப்பட்டார். முகப்புப் பக்கத்தை வலது மட்டும் என்று வைத்தேன். முந்தைய அத்தியாயமும் வலப் பக்கத்திலேயே முடிந்தால் நடுவில் ஒரு வெற்றுப் பக்கத்தை ரைட்டரே சேர்த்துக்கொள்ளும். அப்படி ஒன்பது பக்கம் சேர்ந்தது. கீழே 352 என்று காட்டுகிறது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிடிஎஃப் எடுத்து சிவகாசி அச்சகத்துக்கு அனுப்பினேன். மறுநாள் அங்கிருந்து போன்: "அக்கா, 352னு சொன்னீங்க, 343தானே இருக்கு?" ரைட்டர் தானாகச் சேர்த்த வெற்றுப் பக்கங்கள் பிடிஎஃபில் வர வேண்டுமென்றால் ஏற்றுமதிப் பெட்டியின் முதல் டேபில் அதற்கென்று இருக்கும் ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். நான் போடவில்லை. அந்தத் தம்பி எண்ணிப் பார்க்காமல் பிளேட் போட்டிருந்தால், முதல் வெற்றுப் பக்கத்துக்குப் பிறகு அடுத்தது வரும் வரை ஒற்றைப்படை எண்கள் இடப் பக்கத்துக்கும் இரட்டைப்படை வலப் பக்கத்துக்கும் புரண்டிருக்கும். பிடிஎஃப் எடுத்ததும் பக்க எண்ணிக்கையைப் பார்க்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

352 எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். டெம்மி 1/8 அளவு, 16 பக்கம் ஒரு ஃபாரம். முதல் லேஅவுட்டில் 361 பக்கம் வந்தது. 22 ஃபாரம் என்றால் 352, 23 என்றால் 368. ஒன்பது பக்கத்துக்காக ஒரு முழு ஃபாரம் கூடுகிறது, கூடிய பணம் சாரின் பென்ஷனிலிருந்து போக வேண்டும். 'உரை' ஸ்டைலைத் திறந்து வரி இடைவெளியை 16 பாயின்டிலிருந்து 15.5 ஆக்கினேன். பக்கத்துக்கு 29 வரி இருந்தது 30 ஆனது. உம்மா மாறியதும் பிள்ளைகளும் நகர்ந்தன. ஒரு நிமிடம் லேப்டாப் மூச்சு வாங்கியது. 351. கடைசியில் குறிப்பெழுத ஒரு பக்கம் விட்டு 352 ஆக்கினோம். அச்சகத்தில் இதே வேலைக்கு மூன்று ராத்திரி விழித்திருப்பேன். சார் அருகில் உட்கார்ந்து தொதல் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "அவ்வளவுதானா?" என்றார். கூலியைக் குறைத்துவிடுவாரோ என்று எனக்குத்தான் பயம்.

இந்த வரி இடைவெளியில் ஒரு சூட்சுமம். விகிதக் கணக்கில் வைக்காமல் இத்தனை பாயின்ட் என்று நிலையாக வையுங்கள். விகிதத்தில் வைத்தால் அரபு எழுத்து வரும் வரி மட்டும் உப்பிக்கொள்ளும். நிலையாக வைக்கும்போது ரொம்ப இறுக்கினால் கீ, ணீ போன்றவற்றின் சுழி மேலே வெட்டுப்படும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்க ஸ்டைலில் வரிகளை ஒரே கோட்டில் நிறுத்தும் வசதி ஒன்றும் உண்டு. போட்டால் முன்பக்கத்து வரிக்கு நேர் பின்னால் பின்பக்கத்து வரி வந்து நிற்கும். 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாளில் பின்பக்க எழுத்து லேசாகத் தெரியும்போது இதன் அருமை புரியும்.

கடற்சொற்களுக்கு வருகிறேன். சீலா, ஊளி, நகரை, கட்டக்கோரை, கச்சான் என்று ஒவ்வொரு சொல்லும் அறிமுகமாகும் இடத்தில் தனித்துத் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் 'கடற்சொல்' எழுத்து ஸ்டைல் போட்டேன். முதலில் தடிமன். புரூஃபைப் பார்த்த சார், "பக்கம் முழுக்க மூட்டைப்பூச்சி மொய்க்கிற மாதிரி இருக்கேம்மா" என்றார். சரி, சாய்வெழுத்து. தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலும் சாய்வுக்கென்று தனியாக வரைந்த எழுத்து கிடையாது, இருப்பதையே மென்பொருள் தள்ளிச் சாய்க்கும். தனுஷ்கோடிப் பனைமரம் மாதிரி நின்றது. அதையும் வேண்டாம் என்றார். கடைசியில் மீரா இனிமை எழுத்துருவுக்கு மாற்றினேன், ஒப்புக்கொண்டார். மூன்று மாற்றத்துக்கும் சேர்த்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இன்னொரு லாபம், அதே ஸ்டைலில் மொழி என்ற இடத்தில் எதுவும் இல்லை என்று வைத்துவிட்டால் எழுத்துப்பிழைத் திருத்தி அந்தச் சொற்களுக்குக் கீழே சிவப்புக் கோடு போடாது. அகராதிக்காரர்களுக்குச் சங்காயம் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

பாட்டுகளில் ஒரு தொந்தரவு. சார் ஒவ்வொரு அடிக்கும் ஷிஃப்ட்+என்டர் அடித்திருந்தார். பத்தி இருபக்கமும் நேராக்கப்பட்டிருந்தால் அந்த அடிகளையும் ரைட்டர் இழுத்து ஓரம் வரை நீட்டுகிறது. மூன்று சொல் உள்ள அடி, ஓட்டைப் பல் மாதிரி. 'பாட்டு' ஸ்டைலை இடப்பக்க ஒழுங்குக்கு மாற்றியதும் சரியானது.

உரையிலும் இதே பல் பிரச்சினை கொஞ்சம் உண்டு. தமிழ்ச் சொல் நீளம். 'எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு' என்று ஒன்று வந்து வரியில் இடம் பற்றாமல் கீழே இறங்கினால் மேல் வரியில் மூன்று சொற்கள் ஊருக்கு ஒன்றாக நிற்கும். பழைய தமிழ்ப் புத்தகங்களில் சிறு கோடுகூடப் போடாமல் சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டு போயிருப்பார்கள். ரைட்டரில் அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் உடைப்புக் குறியை நுழைக்கலாம். ஆனால் கையால்தான். மோசமாகத் தெரிந்த வரிகளுக்கு மட்டும் செய்தேன். 352 பக்கத்துக்கும் செய்ய என் கண் ஒத்துழைக்காது.

சொல்லடைவில்தான் எனக்கு உண்மையான வருத்தம். ஒரு சொல்லைக் குறித்துவிட்டு, இதே போல வரும் எல்லா இடத்துக்கும் என்று டிக் போட வசதி இருக்கிறது. ஆங்கிலத்துக்கு அது ஓடும். தமிழில் 'கச்சான்' என்று குறித்தால் 'கச்சானில்' சிக்காது, ஏனென்றால் வேற்றுமை வந்ததும் ன்-இன் புள்ளி போய்விடுகிறதே. 'வாடை' என்றால் 'வாடையில்' சிக்கும், கூடவே வாடகை சிக்காதே என்று திருப்திப்படுவதற்குள் 'மீன் வாடை' வந்து நிற்கும். கடைசியில் சாரும் நானும் அச்சடித்த தாளில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, அதைப் பார்த்து ஒவ்வொன்றாகக் குறித்தோம். பதினோரு நாள்.

இன்னும் சில குறைகள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரைட்டர் தரும் பிடிஎஃபில் அச்சுக்கான நான்கு நிறப் பிரிப்பு கிடையாது. உள்பக்கம் கறுப்பு மட்டும் என்பதால் எனக்குப் பாதகமில்லை. அட்டையை ஸ்க்ரைபஸ் என்ற இன்னொரு இலவச மென்பொருளில் செய்தேன், தமிழ் எழுத்து அதில் இப்போது ஒழுங்காக வருகிறது. படங்களை உள்ளே சேர்த்த பிறகு கோப்பு பாரம் ஏற்றிய வத்தை மாதிரி தள்ளாடியது. அத்தியாயங்களைத் தனித்தனிக் கோப்பாக்கி ஒன்றாகக் கோர்க்கும் மாஸ்டர் டாகுமென்ட் வசதியை இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு விட்டேன், ஒரே கோப்பே எனக்குச் சுகம். மின்சாரம் போய் லேப்டாப் அணைந்த இரண்டு தடவையும் கோப்பை மீட்டுக் கொடுத்தது, அதற்கு நன்றி.

கோப்பை யாரிடமும் திருத்தக் கொடுக்காதீர்கள். வேர்டில் திறந்து டாக்எக்ஸ் ஆகச் சேமித்தால் பக்க ஸ்டைல்கள் குலைந்துபோகும். ஓடிடி வடிவத்திலேயே இருக்க வேண்டும் என்று சாரிடம் சொன்னதற்கு, "புத்தகத்தை எதுக்கும்மா ஓடிடில விடணும், அதுல சினிமால்ல பாப்பாங்க" என்றார்.

யாராவது கைப்பழக்கத்தில் ஸ்டைலை விட்டுக் கையால் எதையாவது மாற்றிவிட்டார்களா என்று கண்டுபிடிக்க 7.6 பதிப்பிலிருந்து ஸ்பாட்லைட் என்று ஒன்று வந்திருக்கிறது. ஸ்டைல் பட்டிக்குக் கீழே டிக் போட்டால் ஒவ்வொரு பத்திக்குப் பக்கத்திலும் அதன் ஸ்டைலுக்கு உரிய நிறத்தில் ஒரு கட்டமும் எண்ணும் தெரியும். ஸ்டைலை மீறிப் பத்தியைக் கையால் மாற்றியிருந்தால் கட்டத்தில் கோடு கோடாகக் காட்டிக்கொடுக்கும். வேலை பழகும் பெண்ணுக்கு அதில் ஒரு சந்தோஷம், நான் செய்த தப்புகளாகப் பார்த்துப் பார்த்துப் பிடித்தாள். பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் இதற்காகவே புதியதை இறக்கிக்கொள்ளலாம்.

எழுத்து அதிகம் உள்ள புத்தகத்துக்கு, பத்துக்கு எட்டு கொடுப்பேன். சமையல் புத்தகம், குழந்தைகள் புத்தகம் என்று பக்கத்துக்குப் பக்கம் படமும் நிறமும் வேண்டுபவர்கள் வேறு இடம் பாருங்கள். கல்யாணப் பத்திரிகைக்கும் இது சரிப்படாது, அதற்கு நானே இன்னும் பழையதைத்தான் வைத்திருக்கிறேன்.

ஜூன் 9ஆம் தேதி புத்தகக் கட்டு வந்தது, படகு இறங்க ஐந்து நாள் இருக்கும்போது. சார் கட்டைப் பிரித்து ஒரு பிரதியை எடுத்து, முகர்ந்து பார்த்து, நேராகக் காற்றுகள் அத்தியாயத்துக்குப் போனார். பேனாவை எடுத்தார். அங்கே ஒரு 'சோழகம்' ஸ்டைல் போடாமல் மொட்டையாக நின்றது. வட்டம் போட்டு என்னிடம் நீட்டினார். லேப்டாப்பைத் திறந்து அப்போதே திருத்தி வைத்துவிட்டேன்.